டிபன் பாக்ஸ் வழியாகப் பேசிய நாட்கள்

என் நாக்கு வேலைநிறுத்தம் செய்த நேரத்தில் நான் ஒரு கடுகு மஞ்சள் புடவையை விரித்துக்கொண்டிருந்தேன். திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் இருபத்தெட்டு வருடமாக சேல்ஸ்மேன் நான். "அக்கா, இது உங்களுக்குன்னே நெய்தது" என்பதை ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்வேன். கோயில் மணி மாதிரி அது தானாக அடிக்கும். அன்று காலை அது, "அழ்ழா, இழு உழ்ழழுக்கு" என்று வெளியே வந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் புடவையைக் கீழே வைத்துவிட்டுத் தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "காலைலயே ஊத்திட்டு வந்திருக்காருங்க. பாவம், வயசான மனுஷன்."

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. குடிகாரன் என்றதைக்கூட மன்னித்துவிட்டேன். அந்த 'வயசான' இன்றுவரை உறுத்துகிறது.

மறுத்துப் பேச வாய் திறந்தேன், இன்னும் நாலு ழகரம் கொட்டியது. வலது கை கல்லாப்பெட்டி மாதிரி கனத்துத் தொங்கியது. மாரடைப்புதான் என்று நானே தீர்மானித்து, இடது கையால் நெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டு புடவைக் குவியலின் மேல் சரிந்தேன். பிடித்தது நெஞ்சின் வலது பக்கத்தை. இதயம் அங்கே குடியில்லை என்பது அந்த அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை.

என் உயிரைக் காப்பாற்றியவர் சின்ன முதலாளி. கடையை ஆரம்பித்த பெரிய முதலாளியின் மகன். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஓடி வந்தவர் முதலில் என் வாயருகே குனிந்து முகர்ந்து பார்த்தார். காலையில் தின்ற பூண்டு ஊறுகாயைத் தவிர வேறு வாசனை இல்லை என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"மாணிக்கண்ணே, சிரிங்க."

சாகும் நேரத்தில் இது என்ன கேள்வி என்று நினைத்தாலும், முதலாளி சொன்னால் சிரித்துப் பழகியவன். சிரித்தேன். பாதி முகம் மட்டும் சிரித்ததாம்.

"ரெண்டு கையையும் தூக்குங்க."

ஒன்று மட்டும் எழுந்தது.

"ஸ்ட்ரோக்கு! வண்டியை எடுங்கப்பா!" என்று கத்தினார். ஒரு பக்கம் கோணிய முகம், எழும்பாத கை, குழறும் பேச்சு, இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவர் யோசிக்கவில்லை. தில்லைநகர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க நான் சிக்னல்களை எண்ணிக்கொண்டே போனேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஒருமுறை செத்து, பச்சையில் பிழைத்தேன்.

*

ஸ்கேன் அறையில் என்னை ஒரு பெரிய வளையத்துக்குள் தள்ளினார்கள். மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்க்கிற வளையம். அடைப்புதான் என்று தெரிந்ததும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினார்கள். நேரத்தோடு வந்ததால்தான் அந்த மருந்தைக் கொடுக்க முடிந்தது என்று டாக்டர் சொன்னார். அன்று அரைமணி நேரம் நான் வீறாப்பாக "ஒண்ணுமில்ல, பித்தம்" என்று உட்கார்ந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது. வீறாப்புக் காட்ட வாய் வரவில்லை என்பதுதான் என் அதிர்ஷ்டம்.

மறுநாள் டாக்டர் என் மனைவி வசந்தியிடம் விளக்கினார். "வார்த்தையெல்லாம் மூளைல அப்படியே இருக்கும்மா. நாம பேசறதும் அவருக்கு நல்லாப் புரியுது. நாக்கு, உதடு, தொண்டை, இதுங்களை ஆட்டுற தசைக்குத்தான் உத்தரவு சரியாப் போகல. டிஸார்த்ரியான்னு சொல்லுவோம். பயிற்சி செஞ்சா கொஞ்சம் கொஞ்சமா வரும்."

எனக்கு உடனே புரிந்தது. கோடவுன் நிறையச் சரக்கு இருக்கிறது, கடை ஷட்டர்தான் பாதியில் மாட்டிக்கொண்டது.

பேசுகிற அதே தசைகள்தான் விழுங்கவும் செய்கின்றன என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஒரு ஸ்பூன் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தார்கள். எனக்குப் புரையேறியதில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தினார்கள். அதன் வழியாகக் கஞ்சி, மோர், பழச்சாறு. ருசியே இல்லாமல் வயிறு நிறைவது ஒரு தனி அவமானம்.

பயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் ஊரைச் சிரிக்க வைக்கிறவன் என்று பெயர் எடுத்தவன். அந்தக் கட்டிலில் நான் செய்ததெல்லாம் சந்தேகப்படுவது மட்டுமே. ஒரு தம்பி அளவு நாடாவோடு வந்து என் கையையும் காலையும் அளந்தபோது பாடை கட்ட அளவெடுக்கிறார்கள் என்று வியர்த்துக் கொட்டியது. அவர் பிசியோதெரபிஸ்ட். நர்ஸ்கள் மலையாளத்தில் சிரித்துப் பேசினால் என்னைப் பற்றி. சிரிக்காமல் பேசினால் என் ரிப்போர்ட்டைப் பற்றி. ஜன்னல் வழியாக மலைக்கோட்டை உச்சி தெரிந்தது. ஒருநாள் தெரியவில்லை. கண்ணும் போய்விட்டது என்று படபடத்தேன். யாரோ திரையை இழுத்திருந்தார்கள்.

இதில் எதையும் யாரிடமும் கேட்க முடியாது என்பதுதான் கொடுமை. வலது கை எழுதவில்லை. இடது கையால் எழுதியதைப் பார்த்து வசந்தி, "இது என்னங்க, ஈ.சி.ஜி.யா?" என்றாள். செல்போனில் எழுத்தைத் தட்டினால் படித்துச் சொல்லும் ஒரு வசதியைப் போட்டுக் கொடுத்தார்கள். பழக்கமில்லாத இடது விரலால், அந்தப் பொடி எழுத்துகளைத் தேடித் தேடி, 'தலையணையைத் தூக்கி வை' என்று நான் முடிப்பதற்குள் கழுத்து வலி போய் முதுகு வலி வந்திருக்கும்.

வசந்திக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். நான் "ழா" என்று ஆரம்பித்ததும் பட்டியல் போடுவாள்.

"தண்ணியா? பாத்ரூமா? ஃபேனா? போர்வையா? அப்புறம் என்னதாங்க வேணும்? ஊமையனைக் கட்டிக்கிட்டிருந்தாலும் ஜாடையாவது தெரிஞ்சிருக்கும்!"

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பாள். அதே மூச்சில் சமயபுரத்தாளுக்கு ஒரு வேண்டுதலும் வைத்துவிட்டாள். நான் பிழைத்து வந்தால் எனக்கு மொட்டை. மிச்சமிருந்த பத்துப் பதினைந்து முடியை, சொந்தக்காரனை ஒரு வார்த்தை கேட்காமல் அம்மனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். தடுக்க எனக்கு வாய் இல்லை.

*

தினம் காலை பத்து மணிக்கு நஸ்ரின் வருவார். பாலக்கரையைச் சேர்ந்த பெண், பேச்சுப் பயிற்சியாளர். கையில் ஒரு கண்ணாடியும் ஐஸ்குச்சி மாதிரி ஒரு மரப்பட்டையும் இருக்கும்.

"சார், நாக்கை நீட்டுங்க. இன்னும். இப்ப வலது ஓரம். ம், நல்லாருக்கு. இப்ப பா, பா, பா."

நாற்பதாயிரம் புடவைகளை வாயாலேயே விற்றவன் கண்ணாடி பார்த்து "பா, பா" என்றேன். எச்சில் வழிந்ததைத் துடைத்துவிட்டு அந்தப் பெண் கைதட்டியது.

நஸ்ரின்தான் சொன்னார், இப்படி வாய் வராதவர்களுக்காகவே வெளிநாட்டில் கருவிகள் இருக்கின்றன என்று. படத்தைத் தொட்டால் பேசும். கண்ணால் பார்த்தாலே பேசுவதும் உண்டாம். விலையைச் சொன்னார். எனக்கு இரண்டாவது ஸ்ட்ரோக் வரப் பார்த்தது.

"இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் விவசாயக் கூலி சார். அந்த விலைக்கு அவங்க எங்க போவாங்க? நான் அட்டைல படம் ஒட்டித்தான் குடுக்கறேன். அட்டை பேசாதே. கூட இருக்கறவங்க திரும்பிப் பார்த்தாத்தான் உண்டு."

இதைக் கேட்டுக்கொண்டு நின்றவன் செல்வம், வசந்தியின் தம்பி. திருவானைக்காவலில் வீடு, துவாக்குடியில் தொழிற்சாலைகளுக்கு கண்ட்ரோல் பேனல் கட்டுகிற சின்னக் கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டான். எங்கள் கல்யாணத்துக்கு வந்த கடிகாரங்களில் நான்கை அவன் பிரித்தான். இரண்டுதான் மறுபடி ஓடின.

"மாமா, நீங்க கவலையே படாதீங்க. பத்து டன் கிரேனையே நாலு பொத்தான்ல ஓட்டுறோம். உங்களை ஓட்ட முடியாதா?"

இரண்டு நாள் கழித்து ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸோடு வந்தான். வாசலில் நர்ஸ் மறித்தார். "குழாய்ல சாப்பிடறவருக்கு எதுக்குங்க டிபன்?"

"இது சாப்பிட இல்ல சிஸ்டர். பேச."

மூடியில் ஆறு துளை போட்டு ஆறு பெரிய பொத்தான்களைப் பதித்திருந்தான். மெஷினை ஓட்டும் பேனலில் இருக்குமே, அந்தப் பச்சைப் பொத்தான்கள். தடித்த கையுறை போட்ட ஆளும் தவறாமல் அழுத்த வேண்டும் என்று செய்தவை, அதனால் என் இடது கட்டைவிரலுக்குத் தோதாக இருந்தன. உள்ளே, பேசும் பொம்மைகளில் இருக்கிற மாதிரி குரலைப் பிடித்து வைக்கும் ஒரு குட்டி போர்டு, பழைய ரேடியோவின் ஸ்பீக்கர், செல்போன் சார்ஜரில் ஏறும் பேட்டரி. பொத்தான்கள் பேனல் வேலையில் மிஞ்சியவை, டிபன் பாக்ஸ் அவனுடையது. மற்றதெல்லாம் சேர்த்து, எங்கள் கடையின் மலிவுப் புடவை ஒன்றின் விலைதான் ஆயிற்று.

"ஆறு வாக்கியம்தான் மாமா பிடிக்கும். ஒவ்வொண்ணா சொல்றேன், சரின்னா கட்டைவிரலைத் தூக்குங்க. வேணாம்னா கீழ காட்டுங்க."

வாய் நனைக்கத் தண்ணீர், தூக்கினேன். பாத்ரூம், தூக்கினேன். வலிக்கிறது, தலையணை, இரண்டும் சரி. 'சரிங்க' என்பதற்கும் தூக்கினேன்.

"கடைசியா, 'வேண்டாம்'. போட்டுரவா?"

கட்டைவிரலைக் கீழே காட்டினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பெரிய முதலாளி என்னைக் கல்லாவுக்கு எதிரில் நிறுத்திச் சொன்னார்: "தம்பி, இந்தக் கடைல 'இல்லை', 'வேண்டாம்' ரெண்டுக்கும் இடம் கிடையாது. அவங்க கேட்ட நீலம் இல்லைன்னா பச்சையை எடுத்து விரி. எதைத் தோள்ல போட்டுப் பார்த்தாலும் பிரமாதம்னு சொல்லு." இருபத்தெட்டு வருடம் அப்படியே இருந்தேன். என் வாயில் அந்த இரண்டு வார்த்தையும் துருப்பிடித்துப் போய்விட்டன. ஆறே ஆறு வாக்கியம் மிஞ்சியிருக்கும் நிலையிலும் அதில் ஒன்றை 'வேண்டாம்' என்பதற்குச் செலவழிக்க என் சேல்ஸ்மேன் புத்திக்கு மனசு வரவில்லை.

"அப்ப ஆறாவது என்ன மாமா? 'ரொம்ப நன்றிங்க'ன்னு போடவா?"

கட்டைவிரலை உயரத் தூக்கினேன். என் மரணதண்டனை உத்தரவில் நானே கையெழுத்துப் போட்ட தருணம் அது.

*

குரல் செல்வத்துடையது. மைக்கைக் கண்டால் அவனுக்குள் ஒரு ரயில்வே அறிவிப்பாளர் புகுந்துவிடுவான். "எனக்குத்... தண்ணீர்... வேண்டும்" என்று பொத்தான் முழங்கியது. பின்னணியில் யாரோ இரும்பு அறுக்கும் சத்தம். முதல் தடவை சத்தம் அதிகமாகி வார்டு முழுவதும் எனக்கு பாத்ரூம் வருகிறது என்று தெரிந்தது. ஸ்பீக்கர் மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்சை ஒட்டிக் குறைத்தான். ஈரக் கையால் அழுத்தினால் ஷாக் அடிக்குமோ என்று நான் பயந்து விரலை உதறியதைப் பார்த்து, "மாமா, இது பேட்டரி. வேணும்னா நாக்கால அழுத்துங்க, பயிற்சியும் ஆச்சு" என்றான்.

அதிசயம் என்னவென்றால், வசந்தி அந்தப் பெட்டிக்கு உடனே கட்டுப்பட்டாள். நான் கேட்டு ஒருநாளும் ஓடி வராதவள், தம்பி குரல் கேட்டதும் தலையணையோடு வந்து நின்றாள். "இரு செல்வம், வரேன்" என்று பெட்டிக்குப் பதில் வேறு. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். சின்ன முதலாளி பார்க்க வரும்வரை.

ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார். மூக்கில் குழாய் போட்டவனுக்கு ஆப்பிள் வாங்கி வருவது நம் ஊர் வழக்கம், அதை விடுங்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க ஒண்ணும் மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. வேலை எங்கயும் போகல. கவுன்ட்டர்ல நின்னு பேசற சிரமம் இனிமே உங்களுக்கு எதுக்கு? கோடவுன்ல ஒரு சேர் போட்டுத் தரேன். மூட்டை வந்தா எண்ணி வையுங்க. ஒருத்தர்கிட்டயும் பேச வேண்டாம். சம்பளத்துல ஒரு பைசா குறையாது. சம்மதம்தானே?"

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு உயிர் நின்றுவிட்டது. அந்தக் கோடவுனில் ஜன்னல் கிடையாது. ஒரு ட்யூப்லைட்டும், விற்காத புடவைகளும், எலிகளும்தான். பேசாத இடத்தில் என்னைக் கொண்டு போய் வைத்தால், வரவேண்டிய பேச்சும் எதற்கு வரும்?

தலையைப் பலமாக ஆட்டினேன். இரண்டு பக்கமும். ஆனால் கழுத்துக்கு வலுவில்லை, மூக்கில் குழாய். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டிய தலை நடுவிலேயே நின்று லேசாக ஆடியது. நம் ஊரில் அப்படித் தலை ஆடினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

"பார்த்தீங்களா, சம்மதம்ங்கறாரு" என்றார் முதலாளி.

இடது கையை வீசினேன். அவர் அதைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ழா! ழா!" என்று கத்தினேன். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு சிலருக்கு அழுகை சொல்லாமல் வரும். எனக்கு அந்த நேரம் பார்த்து வந்தது.

"சந்தோஷத்துல அழறாரு" என்றாள் வசந்தி. அவளும் அழுதாள்.

கடைசி வழியாகப் பெட்டியைத் துழாவினேன். தண்ணீர் இருக்கிறது. பாத்ரூம் இருக்கிறது. மறுக்க ஒரு பொத்தான் இல்லை. ஆத்திரத்தில் ஓங்கி ஒன்றை அழுத்தினேன்.

"ரொம்ப... நன்றிங்க" என்றது செல்வத்தின் குரல், கணீரென்று.

முதலாளி எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். கோடவுனில் வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டாராம், மறுநாளே தகவல் வந்தது.

*

அன்று சாயங்காலம் முதல் நான் பெட்டியைத் தொடவில்லை. செல்வம் வந்து பேட்டரியைப் பார்த்தான், ஒயரைப் பார்த்தான். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றான். நஸ்ரின்தான் என் முகத்தைப் பார்த்தார்.

"பெட்டிலயா சார் கோளாறு?"

விரலைக் கீழே காட்டினேன்.

"யார்கிட்டயாவது ஏதாவது சொல்ல முடியாமப் போச்சா?"

மேலே காட்டினேன். ஆறு பொத்தானையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒவ்வொன்றுக்கும் விரலைக் கீழே காட்டினேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"வேண்டாம்! 'வேண்டாம்'னு சொல்ல ஒண்ணுமே இல்ல இதுல! நானும் பார்க்காம விட்டுட்டேன். ஏங்க, யாருங்க இந்த லிஸ்ட்டைப் போட்டது?"

செல்வம் என்னைப் பார்த்தான். நான் ஃபேனைப் பார்த்தேன்.

மறுநாள், இன்னொரு குட்டி போர்டையும் உள்ளே சேர்த்து, ஏழாவது பொத்தான் வந்தது. மூடியின் நடுவில், காளான் மாதிரி உப்பிய சிவப்புப் பொத்தான். ஆபத்து என்றால் மொத்த மெஷினையும் நிறுத்த அறைகிற பொத்தான் அது. குறிபார்க்கக்கூட வேண்டாம், உள்ளங்கையால் தட்டினால் போதும்.

"குரல் மட்டும் என்னோடது இல்ல மாமா. நான் சொன்னா நன்றி சொல்ற மாதிரியே இருக்கு. வேண்டாம்னு அழுத்தமாச் சொல்ல நம்ம குடும்பத்துல ஒருத்தர்தான் இருக்காங்க. அவங்களுக்கே தெரியாமப் பிடிச்சேன்."

தட்டினேன்.

"வேண்டாம்னா வேண்டாம்!" என்றாள் வசந்தி, பெட்டிக்குள்ளிருந்து.

மோர் டம்ளரோடு நின்றிருந்த வசந்தி, "நான் எதுவும் சொல்லலையே?" என்றாள்.

அன்று நான் ஆடிய ஆட்டத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கஞ்சி வேண்டாம். போர்வை வேண்டாம். பார்க்க வந்த சகலை வேண்டாம். நஸ்ரின் "பா, பா" என்றதற்கும் ஒரு தட்டு. "சார், அதைப் பிடுங்கி வச்சிருவேன், பார்த்துக்கங்க" என்றார். சமயபுரம் மொட்டைக்கும் தட்டினேன். வசந்தி கண்ணை உருட்டி, "ஆத்தாகிட்டயே வேண்டாம்னு சொல்லுவீங்களா?" என்றதும் விரலைச் சுருட்டிக்கொண்டேன். அந்தளவுக்குத் தைரியம் எந்தப் பொத்தானிலும் இல்லை.

அப்புறம்தான் அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஏங்க, அன்னிக்கு முதலாளி கேட்டாரே. கோடவுன்."

சிவப்பு.

"உக்காந்த வேலைங்க. சிரமம் இல்ல."

சிவப்பு.

"கவுன்ட்டர்ல நின்னா அந்த அம்மா சொன்ன மாதிரி நாலு பேர் சொல்லுவாங்க. குடிச்சிருக்கான்னு சொல்லுவாங்க. சிரிப்பாங்க. அதை நீங்க தாங்குவீங்களா? என்னால தாங்க முடியாதுங்க."

இதற்கு எந்தப் பொத்தானும் இல்லை. பெட்டியை ஒதுக்கி வைத்தேன். நஸ்ரின் சொல்லிக் கொடுத்தபடி மூச்சை இழுத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து வெளியே தள்ளினேன். "சி... ழிக்க... வெச்சவன்... தானே."

சிரிக்க வைத்தவன்தானே நான். அவளுக்குப் புரிந்துவிட்டது. பட்டியல் போடாமல் புரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

"சரி, போய்த் தொலைங்க" என்றாள்.

*

பதினைந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். முதல் வாய் ரசம் சாதத்துக்கு நான் அழுதேன். அந்த அழுகைக்கு ஸ்ட்ரோக் காரணமில்லை. டிஸ்சார்ஜ் ஆகி ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குப் போகும் வழியில், காவிரிப் பாலத்தில் ஆட்டோ நெரிசலில் நின்றபோது முன்னால் நின்ற பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. நான் சிவப்பைத் தட்டினேன். பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வசந்தியை முறைத்தார்.

நான் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே பக்கத்துக் கட்டில்காரருக்குச் செல்வம் இரண்டாவது பெட்டி செய்யத் தொடங்கியிருந்தான். லால்குடிக்காரர், நெல் வயல், என் மாதிரியே வாய் போனவர். இந்தத் தடவை நஸ்ரின் பேனாவோடு உட்கார்ந்தார். முதல் பொத்தான் 'வேண்டாம்'. மற்றதை அவரே தேர்ந்தெடுக்கட்டும், குரல் அவர் மகனுடையதாக இருக்கட்டும் என்று முடிவு. 'தண்ணீர் வேண்டும்' என்று செல்வம் எழுதிய தாளை அவர் தள்ளிவிட்டார். ஜாடையில் அரை மணி நேரம் போராடி அவர் சொன்ன வாக்கியம்: "வயலுக்குத் தண்ணி வுட்டியா?" தினம் மகனைப் பார்த்து அவர் அதை அழுத்த, மகனின் குரலே மகனைக் கேட்கும். அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது. அடுத்த பெட்டிகளுக்கு நாலு நோயாளிகளின் பெயரை நஸ்ரின் எழுதிக் கொடுத்திருந்தார். டிபன் பாக்ஸுக்கு எங்கே போவது என்பதுதான் செல்வத்தின் கவலை.

இரண்டு மாதம் கழித்து, பேச்சு முக்கால்வாசி குழறலாகவும் கால்வாசி தமிழாகவும் இருந்த நிலையில், கடைக்குப் போனேன். மொட்டைத் தலை, கையில் டிபன் பாக்ஸ். முதலாளி ஓடி வந்தார்.

"வாங்கண்ணே! கோடவுனை வெள்ளையடிச்சு ஃபேன் போட்டு வச்சிருக்கேன்..."

"வேண்டாம்னா வேண்டாம்!"

முதலாளி பதறிப்போய் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அண்ணியும் வந்திருக்காங்களா?"

விஷயத்தைப் புரிய வைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. தலையைச் சொறிந்தார். ஒரு வாரம் கவுன்ட்டரில் நின்று பார்ப்பது, சரிவராவிட்டால் பேச்சில்லாமல் கோடவுன் என்று முடிவானது.

ஐந்து நாள் என் பக்கம் ஒருவரும் நிற்கவில்லை. வந்தவர்கள் என் வாயைப் பார்த்துவிட்டு அடுத்த கவுன்ட்டருக்கு நகர்ந்தார்கள்; அங்கே முத்து என்ற பையன் எல்லாப் புடவைக்கும் பிரமாதம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பழக்கி விட்டவன்தான்.

ஆறாம் நாள், மகள் நிச்சயத்துக்குப் புடவை எடுக்க ஒரு அம்மாள் வந்தார். முத்துவிடம் முப்பது புடவை பார்த்து, முப்பதும் பிரமாதமாகி, களைத்துப் போய் என் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தோளில் அதே கடுகு மஞ்சள். சத்தியமாக அதே புடவை, அன்றிலிருந்து விற்கவில்லை.

"ஏங்க, நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க. இது எனக்கு நல்லாருக்கா?"

இருபத்தெட்டு வருடமும் நாக்கு நுனிக்கு ஓடி வந்து நின்றன. பிரமாதம் என்று சொல்லலாம், குழறலானாலும் புரியும். கல்லாவிலிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் மாலை போட்ட படத்தில் பெரிய முதலாளியும் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய முதலாளியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தட்டினேன்.

"வேண்டாம்னா வேண்டாம்!"

முத்துவின் கையிலிருந்த புடவை நழுவியது. அந்த அம்மாள் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"காலைலேர்ந்து ஏழு கடை ஏறி இறங்கிட்டேங்க. கட்டினது கட்டாதது எல்லாம் நல்லாருக்குன்னுட்டாங்க. வாயைத் திறந்து வேண்டாம்னு சொன்ன ஆள் நீங்க ஒருத்தர்தான். நீங்களே எடுத்துக் காட்டுங்க, நீங்க சொல்றதை வாங்கிக்கறேன்."

பச்சையில் அரக்கு பார்டர் எடுத்துக் காட்டினேன். வாயாலேயே, ஒவ்வொரு எழுத்தாக, "இ... து" என்றேன். அதை எடுத்தார். சம்பந்திக்கும் நாத்தனாருக்கும் சேர்த்து நாலாக எடுத்தார். ரசீது போடும்போது முதலாளி என் பக்கம் வந்து, "அண்ணே, கோடவுனுக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். நான் ஆறாவது பொத்தானை அழுத்தினேன். இந்தத் தடவை அதைத்தான் சொல்ல நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணி நேரம் பிடித்தது. குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்ப இன்னிக்குப் புடவை வித்தது என் குரல். அதுக்கு எனக்கு ஒரு பட்டுப் புடவை உண்டா, இல்லையா?"

சிவப்புப் பொத்தானைத் தட்டினேன். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் பட்டுப் புடவை வேண்டாம் என்று பெட்டிக்குள்ளிருந்து அவளே சொல்லி முடித்திருந்தாள்.